மேசை வந்த வழி

அமீர்பேட்டில் எவரேனும் வீடு மாறாத ஞாயிற்றுக்கிழமை அரிது. மைத்ரிவனத்தைச் சுற்றிலும் மென்பொருள் கற்பிக்கும் பயிற்சி நிலையங்கள் நெருங்கி நிற்கின்றன. அவற்றில் பயில்வதற்காகத் தெலங்கானாவின் பிற மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வரும் இளைஞர்கள் அங்குள்ள விடுதிகளில் சில திங்கள் தங்கிப் பின் வேறிடம் செல்வர். அவர்களுடைய உடைமை ஒரு பெட்டியிலும் ஒரு தோள்பையிலும் அடங்கிவிடும். குடும்பமாக வாழ்வோர் நிலை அத்தகையதன்று. கட்டில், பீரோ, மேசை, குளிர்பதனப் பெட்டி, சலவைப் பொறி என அவர்கள் வீட்டில் ஒவ்வொன்றும் அசைய மறுத்து நிற்கும். பணி மாற்ற ஆணை ஒரே தாளில் வந்துவிடுகிறது. அந்தத் தாளின் பின்னே எத்தனை மணங்கு எடை ஊர் மாற வேண்டும் என்பதை ஆணையிட்டவர் அறியார்.

இப்பொருள்களின் பெயர்களும் பொருள்களைப் போலவே ஊர் மாறியவை. பீரோ என்பது பிரெஞ்சு மொழியில் எழுதுமேசையைக் குறிக்கும் சொல். தமிழ்நாட்டிற்கு வந்து அது துணியும் நகையும் வைக்கும் நெட்டைப் பெட்டியாயிற்று. தெலுங்கில் பீருவா ஆயிற்று. தமிழில் பெரும்பாலும் செய்யுளில் மட்டுமே காணும் மஞ்சம் என்ற சொல்லை ஐதராபாத்தின் தெலுங்குக் குடும்பங்கள் நாள்தோறும் கட்டிலுக்கு வழங்குகின்றன. தமிழ் மாணவர் ஒருவர் தம் தெலுங்கு நண்பரின் வீட்டில் இச்சொல்லைக் கேட்டால், பாடநூலில் உறங்கிக்கொண்டிருந்த சொல் எழுந்து நடப்பதாகவே தோன்றும். நாற்காலி மட்டும் தன் கால்களை எண்ணிக் காட்டிப் பெயர் பெற்றது.

கனமான பொருளைத் தனியொருவர் கொண்டுசெல்வது புதிய இடர் அன்று. சரக்குந்துகள் வருமுன் தமிழ்நாட்டின் சாலைகளில் தலைச்சுமையோடு காதவழி நடந்தோர் பலர். தலைக்கும் சுமைக்கும் இடையே துணியைச் சுருட்டி வைத்த சும்மாடு எடையைப் பரப்பிக் கொடுத்தது. ஆயினும் நடுவழியில் இளைப்பாற வேண்டின் சுமையை இறக்கிவைக்க ஒருவர் உதவ வேண்டும். மீண்டும் தலையில் ஏற்றவும் ஒருவர் வேண்டும். ஆளில்லாத சாலையில் அவ்வுதவிக்கு எங்கே போவது? அதற்காகவே சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களை நட்டனர். நிற்கும் இரு கற்களின் மேல் குறுக்கே ஒரு கல். அதன் உயரம் சுமப்பவர் குனியாமலேயே சுமையைப் பக்கவாட்டில் நகர்த்தி வைக்கத்தக்க உயரம். மகப்பேற்றுக்கு முன்னரே வயிற்றுச் சுமையோடு இறந்த பெண்ணின் நினைவாக இக்கல்லை நடும் வழக்கமும் இருந்தது. தமிழர் அமைத்த நினைவுச்சின்னங்களுள் இதனினும் பயனுடையது வேறொன்று உண்டா என்பது ஐயமே.

இந்நாளில் அமீர்பேட்டில் அவ்வுதவியை ஹமாலிகள் செய்கின்றனர். அரபு மொழியிலிருந்து வந்த இச்சொல் சுமைதூக்குவோரைக் குறிக்கும். இருவர் மூவராக வந்து, கயிறும் சாக்குமாக மூன்றாம் மாடியிலிருந்து பீரோவை இறக்கிவிடுவர். கீழே டிராலி ஆட்டோவோ, 2005ஆம் ஆண்டில் அறிமுகமாகிச் சோட்டா ஹாத்தி, அதாவது குட்டியானை, என்று பெயர் பெற்ற டாடா ஏஸ் வண்டியோ காத்திருக்கும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரை, வளர்ந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் எடை 55 கிலோவை விஞ்சலாகாது என்கிறது. ஆறரை அடி இரும்புப் பீரோ அதனினும் எடைமிக்கது. பீரோவைத் தனியே நகர்த்த முற்படுபவரைத் துணிந்தவர் என்று பாராட்டுவது தவறு.

ஆனால் எல்லாப் பொருளையும் எல்லாரிடமும் ஒப்படைத்துவிட மனம் இசைவதில்லை. அமீர்பேட்டில் மூன்றாம் மாடியில் வாழ்ந்த தமிழ்த் தாய் ஒருவருக்கு அத்தகைய பொருள் ஒரு தேக்கு மேசை. அவர் நடுவண் அரசு அலுவலகமொன்றில் பணிபுரிபவர். கணவர் வேறு மாநிலத்தில் பணியில் இருந்தார். மகள் ஏழாம் வகுப்பு மாணவி. மேசை அம்பாசமுத்திரத்தில் ஆசிரியராயிருந்த அவருடைய தந்தையாருடையது. அம்மேசையில்தான் அவர் நாற்பதாண்டுக் காலம் விடைத்தாள் திருத்தினார். அவர் மறைந்தபின் வீட்டை விற்க நேர்ந்தது. பிறர் பாத்திரங்களையும் பித்தளை விளக்குகளையும் எடுத்துக்கொள்ள, இளைய மகளாகிய இவர் மேசையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதன் வலப்புறத்தில் சிவப்பு மை பரவிய கறை ஒன்று உண்டு. எத்தனை முறை மெருகிட்டும் அது போகவில்லை. போக வேண்டும் என்று எவரும் விரும்பவும் இல்லை.

அம்மேசை ஐதராபாத்திற்கு வந்த முதற்பயணத்திலேயே ஒரு கால் முறிந்தது. சரக்குந்தில் ஏற்றியவர்கள் அதன்மேல் அரிசி மூட்டைகளை அடுக்கிவிட்டனர். முறிந்த காலைக் கண்ட தச்சர் சற்று நேரம் மேசையைத் தட்டிப் பார்த்தார். பிறகு புதுக்கால் ஒன்றைக் கடைந்ததோடு நில்லாமல், மற்ற மூன்று கால்களையும் பொருத்துவாயிலிருந்து அறுக்காமல் கழற்றி, நான்கிற்கும் போல்ட்டும் நட்டும் வைத்துப் பொருத்தினார். வாடகை வீட்டில் வாழ்பவர்க்குக் கழற்ற முடியாத மேசை ஆகாது என்பது அவர் கருத்து. அவர் சொன்னது ஈராண்டில் மெய்யாயிற்று. வீட்டு உரிமையாளர் வீட்டைத் தம் மகனுக்காகத் திரும்பக் கேட்டார். கூக்கட்பள்ளியில் வேறு வீடு கிடைத்தது.

கால்களைக் கழற்றி எடுத்துச்செல்லும் இந்த எளிய கருத்து உலக வாணிகத்தையே மாற்றியதுண்டு. வியன்னாவைச் சேர்ந்த மைக்கேல் தோனெட் 1859ஆம் ஆண்டில் செய்த பதினான்காம் எண் நாற்காலி, வளைத்த மரத்துண்டுகள் ஆறும் திருகாணிகள் சிலவும் மட்டுமே கொண்டது. பிரித்து அடுக்கினால் ஒரு கனமீட்டர் பெட்டிக்குள் முப்பத்தாறு நாற்காலிகள் அடங்கின. சுவீடனில் 1956ஆம் ஆண்டில் ஐக்கியா நிறுவனத்தைச் சேர்ந்த கில்லிஸ் லுண்ட்கிரென் இலை வடிவ மேசை ஒன்றைத் தம் காரில் ஏற்ற முயன்றார். மேசை உள்ளே செல்லவில்லை. கால்களைக் கழற்றிப் பலகைக்கு அடியில் வைத்தார், சென்றது. அந்நிறுவனம் அம்முறையைத் தன் வாணிகத்தின் அடிப்படையாகவே கொண்டது. மேசையை வாங்குபவரே தம் வண்டியில் கொண்டுசென்று தாமே பூட்டிக்கொள்வது என்னும் அவ்வழக்கம் இந்தியாவில் முதன்முதல் வந்து சேர்ந்த இடமும் ஐதராபாத்தே. 2018 ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பட்ட அக்கடை, அமீர்பேட்டிலிருந்து செல்லும் மெட்ரோவின் நீல வழித்தடம் முடிகின்ற ராய்துர்க்கின் அருகில் நிற்கிறது. சுவீடன் நாட்டவர் பெரும்புகழ் பெற்றனர். நம் ஊர்க் கயிற்றுக் கட்டிலும் ஆணியின்றிக் காலும் சட்டமுமாகக் கழன்று, மீண்டும் கயிற்றின் இறுக்கத்தால் நிற்பதே. அதற்குப் புகழ் கிடைக்கவில்லை.

வீடு மாறும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னிரவு, அத்தாய் அளவுநாடாவுடன் கீழே இறங்கிச் சென்றார். அவருடையது சிறிய கார். பின்னிருக்கையை மடித்துவிட்டால் முன்னிருக்கையின் முதுகிலிருந்து பின்கதவு வரை நான்கடி மூன்றங்குலம் இருந்தது. பின்கதவின் வாய் மூன்றடிக்குச் சற்று மேல் அகன்றது. மேசைப் பலகை நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் உடையது. மூன்றங்குலம் மிச்சம். அளவெடுக்காமல் பொருளைத் தெருவுக்கு இறக்கியபின் வண்டிக்குள் நுழையவில்லை என்று திகைப்பவர்களே மிகுதி. பின்கதவைத் திறந்தபடி கயிற்றால் கட்டிக்கொண்டு புறப்படுபவர்களும் அவர்களே. மோட்டார் வாகனச் சட்டத்திற்கு 2019ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம், சுமை வண்டியின் உடலுக்கு வெளியே வரம்பு மீறி நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் தண்டம் விதிக்கிறது. தண்டம் கிடக்கட்டும், இருளில் பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரரின் கழுத்துயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையை நினைத்தாலே நெஞ்சு பதறும்.

எடையையும் அவர் கணக்கிட்டார். ஒரு கன அடித் தேக்கு ஏறத்தாழ 18 கிலோ எடை உள்ளது. நான்கடி நீளம், இரண்டடி அகலம், ஓரங்குலத் தடிப்பு என்றால் கன அடியில் மூன்றில் இரண்டு பங்கு. பலகை மட்டும் 12 கிலோ. இழுப்பறைகள் பொருந்தும் சட்டத்தையும் சேர்த்தால் 20 கிலோ. தூக்க இயலாத எடை அன்று. ஆனால் பருமன் எடையினும் கொடியது. இருபது கிலோ அரிசியை மார்போடு அணைத்துக்கொள்ளலாம். இருபது கிலோ பலகை கையை விரிக்கச் செய்து, கண்ணை மறைத்து, படியைக் காட்டாமல் செய்துவிடும். தொலைபேசியில் இதைக் கேட்ட அவருடைய அன்னையார், ஊரிலிருந்து ஒரே ஒரு சொற்றொடரில் விடை தந்தார்: "மேசைக்காக நீ இடுப்ப ஒடிச்சிக்கிடாத, தாயி."

மறுநாள் காலை ஹமாலிகள் வருமுன்னரே மேசையை இறக்கிவிட அவர் எண்ணினார். இழுப்பறைகளை முதலில் உருவி எடுத்தார். ஸ்பானரால் எட்டுப் போல்ட்டுகளையும் கழற்றி, எட்டு நட்டுகளோடு ஒரு சுருக்குப்பையில் இட்டு, பையை இடுப்பில் செருகிக்கொண்டார். கால்களைப் பழைய சேலையில் சுற்றி, இழுப்பறைகளோடு இருமுறை நடந்து கீழே கொண்டு சேர்த்தார். பலகையைத் தடித்த கம்பளியில் பொதிந்து, நூற்கயிற்றால் இரண்டு இடங்களில் இறுக்கினார். தரையில் கம்பளியோடு இழுத்தபோது அது வழுவழுப்பான தளத்தில் பிள்ளைகள் சறுக்குவது போல எளிதாக நகர்ந்தது. இடர் மாடிப்படியில் தொடங்கியது.

மாடிப்படியில் சுமைக்குக் கீழே நின்று தாங்குவது இயல்பாகத் தோன்றும் வழி. அது தீய வழி. கை தவறினால் சுமை ஆளின்மேலேயே வரும். அவர் மேலே நின்றார். பலகையில் கட்டிய நீண்ட கயிற்றைப் படிக்கட்டின் இரும்புக் கைப்பிடித் தூணில் ஒரு முழுச்சுற்றுச் சுற்றி, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டார். தூண் அசைகிறதா என்று முதலிலேயே ஆட்டிப் பார்த்திருந்தார். கயிறு தூணைச் சுற்றும்போது அவற்றிடையே எழும் உராய்வு சுமையின் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்கிறது; கைக்கு எஞ்சுவது சிறு பங்கே. துறைமுகத்தில் பெருங்கப்பலின் வடத்தை ஒருவர் தறியில் சுற்றிப் பிடித்து நிறுத்துவதும் இந்த உராய்வின் துணையால்தான். கயிற்றைச் சிறிது தளர்த்தினால் பலகை ஒரு படி இறங்கும், இறுக்கினால் நிற்கும். மூன்றாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடி வரை அது பழகிய மாடு போல இறங்கிற்று.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் பலகையின் முனை சுவரில் முட்டியது. அதைத் திருப்புவதற்காக அவர் கயிற்றைத் தூணிலிருந்து கழற்றினார். கம்பளியின் ஒரு கட்டு அப்போதுதான் நெகிழ்ந்திருந்தது. பலகை கம்பளியைவிட்டு வழுகி, படியில் தானே இறங்கத் தொடங்கியது. பாய்ந்து பிடிக்க வேண்டும் என்று கை முந்தியது. கீழே எவரும் இல்லை என்பதைக் கண் கண்டது. அவர் கையைப் பின்னிழுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார். நான்கு படிகள் தடதடவென்று இறங்கிய பலகை, அடுத்த தளத்துச் சுவரில் மோதிச் சாய்ந்து நின்றது. நாற்பதாண்டு மேசை மோதிய ஓசையை அக்கட்டடம் முழுவதும் கேட்டிருக்கும்.

அந்த ஒரு நொடியில் தந்தையாரின் மேசைக்கும் தம் கால் எலும்புக்கும் இடையே அவர் தேர்ந்துகொண்டதைக் கல்நெஞ்சம் என்று எவரும் சொல்லலாகாது. வழுகும் சுமையைப் பிடிக்கப் பாய்ந்து விரலையும் முதுகையும் இழந்தவர்கள், பெரும்பாலும் அச்சுமையின்மீது பேரன்பு உடையவர்களே.

"ஆகண்டம்மா, ஆகண்டி!" என்று கூவியவாறு வாட்ச்மேன் படியேறி ஓடிவந்தார். நில்லுங்கள் அம்மா என்பது பொருள். அவர் பலகையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு மூலையில் இரண்டு விரல் அகலத்துக்கு மரம் நசுங்கியிருந்தது. வேறு ஊறு இல்லை. முந்தின நாளே அவரை அழைத்திருக்கலாம் என்று அத்தாய்க்குத் தோன்றாமலில்லை. பிறரைத் தொல்லை செய்யலாகாது என்ற நல்ல பழக்கம், அயலூரில் வாழ்வோரிடம் சில வேளைகளில் அளவு மீறிப்போய்விடுகிறது. வாட்ச்மேன் கீழ்முனையை அல்லாமல், பக்கவாட்டில் நின்று விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எஞ்சிய படிகளைக் கடக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

காரில் ஏற்றுவதை அவர் தாமே செய்தார். பலகையின் ஒரு முனையை வண்டியின் வாயில் ஊன்றிவிட்டால், மறுமுனையில் தூக்க வேண்டியது பாதி எடையே. முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, தூக்கித் தள்ளினார். மூன்றங்குலம் மிஞ்சும் என்ற கணக்குப் பொய்க்கவில்லை. பின்கதவு ஓசையின்றி மூடியது. பலகை தட்டையாகக் கிடந்ததால் பின்பார்வைக் கண்ணாடியும் மறைபடவில்லை. கால்களை முன்னிருக்கைகளின் பின்னே தரையிலும், இழுப்பறைகளை முன்னிருக்கைக்குக் கீழே கால் வைக்கும் இடத்திலும் வைத்தார். பிறகு பலகையை வண்டியின் தரையில் உள்ள வளையங்களோடு கட்டினார்.

மகள் முன்னிருக்கையில் அமர்ந்து வர விரும்பினாள். தாய் இசையவில்லை. அதற்கு அவர் கூறிய காரணம் அறிவியல் பாடத்தில் அவள் பின்னர்ப் படிக்கப்போவது. மணிக்கு 50 கிலோமீட்டர் விரைவு என்பது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். வண்டி எதிலேனும் மோதிப் பத்தில் ஒரு நொடியில் நின்றால், உள்ளே கட்டாமல் கிடக்கும் பொருள் நிற்காது. அதே விரைவோடு முன்னே பாயும். அதையும் அதே பத்தில் ஒரு நொடிக்குள் நிறுத்துவதற்கு, இருபது கிலோ பலகைக்கு ஏறத்தாழ 280 கிலோ எடைக்கு ஈடான விசை வேண்டும். அவ்விசையைத் தாங்குவது கயிறாக இருக்கலாம்; குழந்தையின் முதுகாக இருக்கலாகாது. கட்டியிருக்கிறாரே என்று மகள் வாதிட்டாள். சற்றுமுன் ஒரு கட்டு நெகிழ்ந்ததைத் தாய் மறக்கவில்லை.

ஆகவே மகள் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மையாரோடு மெட்ரோவில் புறப்பட்டாள். 2017 நவம்பரில் ஐதராபாத் மெட்ரோ தொடங்கியபோது முதலில் இயங்கிய பகுதிகளுள் அமீர்பேட்டிலிருந்து மியாப்பூர் செல்லும் இப்பகுதியும் ஒன்று. சிவப்பு வழித்தடமும் நீல வழித்தடமும் சந்திக்கும் இடம் என்பதால் அமீர்பேட் நிலையத்தில் எந்நேரமும் கூட்டம் இருக்கும். கூக்கட்பள்ளி செல்லும் நெடுஞ்சாலையின் நடுவே தூண்கள் எழுப்பி, அவற்றின்மேல் அந்தத் தடத்தை அமைத்திருக்கின்றனர். ஆகவே மகள் மேலேயும் மேசை கீழேயுமாக ஒரே வழியில் சென்றனர். எஸ்.ஆர். நகர் கடந்து, எர்ரகட்டா உழவர் சந்தையின் அருகே காய்கறி வண்டிகளுக்கிடையில் கார் ஊர்ந்தது. பரத்நகரில் இருப்புப்பாதையின் மேலாகச் செல்லும் பாலத்தில் ஏறும்போது தாய் பின்னால் செவி சாய்த்தார். பலகை அசையவில்லை. மூசாப்பேட்டில் ஒரு மெட்ரோ வண்டி தலைக்குமேலே முந்திச் சென்றது. அதில்தான் மகள் இருந்தாள் என்று சொல்ல இயலாது. ஆனால் தாய் அன்னாந்து பார்க்காமலும் இருக்கவில்லை.

புதுவீடு தரைத்தளத்தில் இருந்தது. மகள் முன்னரே வந்து வாயிலில் காத்திருந்தாள். இருவருமாகப் பலகையைக் கம்பளிமேல் கவிழ்த்துக் கிடத்தினர். சுருக்குப்பையைத் தரையில் கொட்டி மகள் எண்ணினாள்: போல்ட்டு எட்டு, நட்டு எட்டு. கால்களைச் சுற்றியிருந்த சேலையை அவிழ்த்தபோது எந்தக் கால் எந்த மூலைக்குரியது என்பது விளங்கவில்லை. மரத்தில் செய்த கால்கள் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல. மாறிப் பொருத்தினால் மேசை ஆடும். தாய் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு, தச்சருடைய தொலைபேசி எண்ணைத் தேடத் தொடங்கினார்.

மகள் அதற்குள் சட்டத்தின் உட்புற மூலையில் எதையோ தடவிக்கொண்டிருந்தாள். அங்கே உளியால் இட்ட சிறிய வெட்டு ஒன்று இருந்தது. அடுத்த மூலையில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று, கடைசியில் நான்கு. அம்பாசமுத்திரத்தில் அம்மேசையை முதன்முதல் செய்தவர் தமக்கென இட்ட குறிகள் அவை. கால்களின் தலைப்பகுதியைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு காலில் ஒரு வெட்டு, மற்றொன்றில் மூன்று, இன்னொன்றில் நான்கு. நிறம் சற்றே வெளிறிய புதுக்காலில் குறி ஏதும் இல்லை.

"அம்மா, இதுக்குத்தான் நம்பர் இல்ல," என்றாள்.

தாய் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் காலை இரண்டு வெட்டுகள் உள்ள மூலையில் நிறுத்திப் பிடித்தார். மகள் போல்ட்டைச் செருகினாள்.